ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கணினி நிரலிலிருந்து விரிதாளுக்குப் போகும் வழியில் எண்கள் தொலைந்த வரலாறு

2020ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கோவிட்-19 பெருந்தொற்று உலகையே முடக்கிப் போட்டிருந்த நேரம். இங்கிலாந்தின் சுகாதாரக் கணக்கைக் கவனித்து வந்த அப்போதைய அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, தன் பட்டியலில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை நோய்த்தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேரவே இல்லை.

அந்த 15,841 பேருக்கும் பரிசோதனை நடந்திருந்தது. முடிவும் அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால், அவர்கள் யார் யாரோடு பழகினார்கள் என்று விசாரித்து, அப்படிப் பழகியவர்களை எச்சரிக்க வேண்டிய பிரிவுக்கு மட்டும் அந்தப் பெயர்கள் போகவில்லை.

யாரும் திருடவில்லை. யாரும் ஊடுருவவில்லை. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய பரிசோதனை முடிவுகளை, தானாக இயங்கும் கணினி நிரல் ஒன்று எடுத்து எக்செல் விரிதாள்களில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த விரிதாள் பழைய வகை. அதில் 65,536 கிடைவரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. இடம் நிறைந்தது, மிச்சம் வெளியே நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு பக்கம் கணக்குப் போடும் நிரல். மறுபக்கம் மனிதன் பார்க்கும் விரிதாள். இந்த இரண்டுக்கும் நடுவே எண்களை ஏற்றி இறக்குவது இன்று எல்லா அலுவலகங்களிலும் நடக்கும் வேலை. இது இவ்வளவு பெரிய ஆபத்தாக எப்படி மாறியது? பதிலைத் தேடினால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கரும்பலகையில் பிறந்த விரிதாள்

1978ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பேராசிரியர்கள் கரும்பலகையில் பெரிய கட்டங்கள் போட்டு நிறுவனக் கணக்குகளை எழுதுவார்கள். ஓர் எண்ணை மாற்றினால் போதும். அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். இந்தக் கரும்பலகை தானாகவே திருத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் பிரிக்ளின்.

நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. அதில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன. சிறு வணிகர்களும் கணக்கர்களும் அந்த மென்பொருளுக்காகவே கணினி வாங்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரிதாள் பிறந்ததே மனிதக் கண்ணுக்காகத்தான். திரையில் தெரிய வேண்டும், விரலால் மாற்ற வேண்டும், உடனே விடை தெரிய வேண்டும். 254 வரிசைகள் என்பது ஒரு கடையின் ஆண்டுக் கணக்குக்குத் தாராளமாகவே போதும்.

மாணவர்களுக்காகப் பிறந்த மேட்லேப்

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியருக்கு வேறொரு கவலை. கிடையாகவும் நெடுக்காகவும் அடுக்கிய எண்களின் கூட்டத்தைக் கணிதத்தில் அணி என்பார்கள். அணிகளைக் கொண்டு கணக்குப் போட லின்பேக், ஐஸ்பேக் என்ற நல்ல நிரல் தொகுப்புகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த ஃபோர்ட்ரான் மொழியில் நீளமாக எழுத வேண்டும். மாணவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று மோலர் ஓர் எளிய மென்பொருளை எழுதினார். ஆங்கிலத்தில் அணிகளின் ஆய்வுக்கூடம் என்று பொருள்படும் சொற்களைச் சுருக்கி மேட்லேப் என்று பெயர் வைத்தார்.

முதல் மேட்லேப்பில் இருந்த ஒரே வகைப் பொருள் அணிதான். தேதி கிடையாது, பெயர் கிடையாது, தலைப்பு கிடையாது. ஜாக் லிட்டில், ஸ்டீவ் பேங்கர்ட் ஆகியோர் அதை சி மொழியில் புதிதாக எழுதினார்கள். 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் பிறந்தது. பொறியியல் கல்லூரிகளிலும் ஆய்வு நிலையங்களிலும் மேட்லேப் வேகமாகப் பரவியது.

ஆக, கணினி உலகில் இரண்டு கட்டங்கள் தனித்தனியே வளர்ந்தன. ஒன்று விரிதாள், அது கண்ணுக்கானது. மற்றொன்று அணி, அது கணக்குக்கானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததுதான் பின்னால் வந்த குழப்பங்களுக்கெல்லாம் வித்து.

அக்கரைக்குப் பாலம்

பொறியாளர் மேட்லேப்பில் கணக்குப் போட்டு முடித்துவிடுவார். மேலாளர் என்ன கேட்பார்? “எக்செல்லில் போட்டுக் கொடுங்கள்” என்பார். மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை எங்கும் இதே கதைதான். கணக்கு ஒரு கரையில் நடக்கிறது. முடிவைப் படிப்பவர் அக்கரையில் இருக்கிறார்.

முதலில் கட்டிய பாலம் மிக எளியது. எண்களுக்கு நடுவே காற்புள்ளி போட்டு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதிவிடுவது. சிஎஸ்வி என்று எல்லாரும் அறிந்த வகை அது. இதன் அடிப்படைப் பழக்கம் 1970களின் ஃபோர்ட்ரானிலேயே இருந்தது. ஆனால் அதை எப்படி எழுத வேண்டும் என்ற பொது விவரக் குறிப்பு 2005ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதுவரை ஆளுக்கொரு வழக்கம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் மூன்றரை என்பதை 3,5 என்று காற்புள்ளியிட்டுத்தான் எழுதுவார்கள். அந்த எண்ணைக் காற்புள்ளிக் கோப்பில் அப்படியே போட்டால் அது 3 என்றும் 5 என்றும் இரண்டு எண்களாக உடையும். அதனால் அங்கே அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கும் வழக்கம் வந்தது.

விரிதாள் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிக் கோப்பு வகைகளையும் வைத்திருந்தன. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 சந்தையைப் பிடித்தபோது, அதன் கோப்பை நேரடியாக எழுத மேட்லேப்பில் டபிள்யூகே1ரைட் என்ற கட்டளை வந்தது. காற்புள்ளிக் கோப்புக்கு சிஎஸ்விரைட். எக்செல் சந்தையின் அரசனான பிறகு எக்ஸ்எல்எஸ்ரைட்.

இந்த எக்ஸ்எல்எஸ்ரைட் வேலை செய்த விதம் சுவையானது. கோப்பின் பெயர், அணி, எந்தத் தாள், எந்தக் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற நான்கையும் சொன்னால் போதும். விண்டோஸ் கணினியில் மேட்லேப் திரைக்குப் பின்னால் எக்செல்லையே எழுப்பி, அதன் கையாலேயே கட்டங்களை நிரப்பச் சொல்லும். முடிந்ததும் கோப்பைச் சேமித்து மூடிவிடும். ஆயிரம் எண்களை ஆயிரம் தடவை தனித்தனியாக எழுதச் சொன்ன மாணவர்கள், ஒவ்வொரு தடவையும் கோப்பு திறந்து மூடுவதைப் பார்த்து நொந்து போனார்கள். எல்லா எண்களையும் ஒரே அணியாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுத வேண்டும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

எக்செல் இல்லாத கணினியிலோ? அதே கட்டளை விரிதாளுக்குப் பதில் காற்புள்ளிக் கோப்பு ஒன்றை எழுதிவைத்தது. எச்சரிக்கையைப் படிக்காதவர், தாம் கேட்டதே கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்.

பின்னர் நிலைமை மாறியது. எக்செல் 2007இன் புதிய கோப்பு வகை, உள்ளே வெறும் எழுத்துக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. அதன் விவரங்கள் 2006இலேயே பொதுத் தரமாக வெளியாகிவிட்டன. பழைய வகையின் விவரங்களையும் 2008இல் மைக்ரோசாப்ட் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. அதன் பிறகு எக்செல்லை எழுப்பாமலேயே விரிதாள் எழுதும் கருவிகள் பெருகின. பைத்தன் மொழியில் இன்று இரண்டு மூன்று வரிகளில் இந்த வேலை முடிந்துவிடும். மேட்லேப்பும் 2019இல் ரைட்மேட்ரிக்ஸ் என்ற புதிய கட்டளையைக் கொண்டுவந்து, பழைய எக்ஸ்எல்எஸ்ரைட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

பாலம் அகலமானது. ஆனால் சுங்கச்சாவடிகள் அப்படியேதான் இருந்தன.

முதல் சாவடி: இடம்

விசிகால்க்கில் 254 வரிசைகள். லோட்டஸின் முதல் பதிப்பில் 2,048, பிறகு 8,192. எக்செல்லில் தொடக்கத்தில் 16,384. எக்செல் 97 வந்தபோது 65,536. எக்செல் 2007இல் 10,48,576.

65,536 என்பது தற்செயலான எண் அன்று. இரண்டைப் பதினாறு தடவை பெருக்கினால் வருவது. வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள பதினாறு இருமக் குறிகள் போதும் என்று ஒதுக்கிய காலத்தின் நினைவுச்சின்னம் அது. கையால் தட்டச்சு செய்பவருக்கு அது கடல் போன்றது. கருவிக்கோ அது கையளவு. வினாடிக்கு நூறு அளவுகள் எடுக்கும் ஒரு கருவி 65,536 வரிசைகளைப் பதினொரு நிமிடங்களுக்குள் நிரப்பிவிடும். புதிய எல்லையான பத்து லட்சத்துச் சொச்சத்தையும் மூன்று மணி நேரத்துக்குள் தொட்டுவிடும்.

அணிக்கு இப்படி ஒரு வேலி கிடையாது. கணினியின் நினைவகம் தாங்கும் வரை அது வளரும். வேலி இருப்பது விரிதாளில்தான்.

இரண்டாவது சாவடி: தேதி

கணினிக்குத் தேதி என்பதும் ஓர் எண்தான். எக்செல்லில் 1900ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி என்றால் 1. மேட்லேப்பின் பழைய முறையோ கி.பி. தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலிருந்து எண்ணுகிறது. ஒரே நாளைக் குறிக்கும் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 6,93,960. இதைக் கழிக்க மறந்து அணியை விரிதாளில் எழுதினால், இன்றைய தேதி நூற்றாண்டுகளைத் தாண்டி எதிர்காலத்தில் போய் நிற்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் 28 நாள்தான். ஆனால் லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கணக்கிட்டு, இல்லாத 29ஆம் தேதியைச் சேர்த்துக்கொண்டது. லோட்டஸ் கோப்புகள் தன்னிடமும் சரியாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, தவறு என்று தெரிந்தே எக்செல் அதைப் பின்பற்றியது. இன்றும் எக்செல்லில் அந்த இல்லாத நாள் இருக்கிறது. மக்கிண்டோஷ் எக்செல்லோ நீண்ட காலம் 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணியது. ஒரே எண், இரண்டு கணினிகளில் 1,462 நாள் வித்தியாசத்தில் இரண்டு தேதிகள்.

மூன்றாவது சாவடி: ஊகம்

அதிக சேதம் செய்தது இதுதான். காற்புள்ளிக் கோப்பில் எது எண், எது சொல், எது தேதி என்ற குறிப்பு எதுவும் கிடையாது. திறக்கும் விரிதாள் தானாக ஊகித்துக்கொள்கிறது. மனிதருக்கு உதவத்தான் இந்த வசதி. ஆனால் கேட்காமல் செய்யும் உதவி சில வேளைகளில் உபத்திரவமாக முடிகிறது.

மலேசியர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2000ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பிள்ளையின் அடையாள அட்டை எண் இரண்டு பூச்சியங்களில் தொடங்கும். விரிதாள் அதை எண் என்று ஊகித்தால் முன்னால் உள்ள பூச்சியங்கள் போய்விடும்; பன்னிரண்டு இலக்கம் பத்தாகவோ ஒன்பதாகவோ சுருங்கிவிடும். அலோர் ஸ்டாரின் 05000 என்ற அஞ்சல் குறியீடு வெறும் 5000 ஆகும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் பள்ளியிலும் சங்கத்திலும் இந்தத் தொல்லை புதிதன்று.

உயிரியல் ஆய்வாளர்களுக்கு இது இன்னும் மோசமாக வாய்த்தது. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. விரிதாள் அவற்றை மார்ச் 1ஆம் தேதி, செப்டம்பர் 2ஆம் தேதி என்று மாற்றிவிட்டது. இந்தக் கோளாறை 2004இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. யார் கேட்டார்கள்? 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த அறிவியல் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தத் தவறு இருந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது யார் தெரியுமா? மரபணுதான். 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு தன் விதிகளையே திருத்தி, மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் செப்ட்2ஐ செப்டின்2 என்றும் மாற்றியது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் 2023இல்தான் தந்தது.

எண்ணையே எழுதும்போதும் சிக்கல் உண்டு. அணியில் ஓர் இடத்தில் முடிவிலி என்ற மதிப்பு இருந்தால், எக்ஸ்எல்எஸ்ரைட் வழியாகப் போகும்போது எக்செல் அதை 65,535 என்று மாற்றிவிடும். விடையே இல்லை என்று குறிக்கும் மதிப்பு வெற்றுக் கட்டமாகிவிடும். முடிவில்லாதது ஒரு சாதாரண எண்ணாக வந்து உட்கார்ந்தால், பார்ப்பவர் அதைச் சந்தேகப்படுவாரா? கூட்டல் கணக்கில் சேர்த்துக்கொண்டு போய்விடுவார்.

மறுபடியும் அந்த 15,841 பேர்

இப்போது இங்கிலாந்துக்குத் திரும்புவோம். ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தவை காற்புள்ளிக் கோப்புகள். அவற்றுக்கு நீள வரம்பு இல்லை. அவை போய் விழுந்த எக்செல் கோப்பு, 2007க்கு முந்தைய வகை. ஒரு நோயாளியின் விவரத்துக்கே பல வரிசைகள் தேவைப்பட்டன. அதனால் 65,536 வரிசைகள் இருந்தும், ஒரு கோப்பில் சுமார் 1,400 நோயாளிகளுக்குத்தான் இடம் இருந்தது. செப்டம்பர் இறுதியில் நோய் வேகமெடுத்தது. கோப்பு நிரம்பி வழிந்தது.

பெரிய கோப்பு ஒன்றை எக்செல்லில் கையால் திறந்தால், முழுவதும் ஏறவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்க ஒரு மனிதர் திரையின் முன் இருப்பார். நாள்தோறும் தானாக ஓடும் நிரலின் முன் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நிரல் தன் கடமையைச் செய்தது. கோப்பு தன் இடத்தை நிரப்பியது. போனது எத்தனை, சேர்ந்தது எத்தனை என்று கேட்கத்தான் ஆளில்லை.

அக்டோபர் 4ஆம் தேதி விவரம் வெளியானது. மறுநாள் சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தார். விடுபட்டவர்களில் சுமார் பாதிப் பேரைத்தான் விசாரணைக் குழு அதுவரை எட்டியிருந்தது. பெருந்தொற்றில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயமா? தொற்று இருப்பதே தெரியாமல் ஒருவர் வேலைக்குப் போய்வரவும், முதிய பெற்றோரைப் பார்த்துவரவும் அந்த ஒரு வாரம் போதும்.

திமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தத் தவறின் விலையைக் கணக்கிட முயன்றார்கள். விடுபட்டவர்கள் எல்லா வட்டாரங்களிலும் சமமாக இல்லை. அதிகமானோர் விடுபட்ட வட்டாரங்களையும் குறைவானோர் விடுபட்ட வட்டாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதலாக 1,25,000க்கு மேற்பட்ட தொற்றுகளுக்கும் 1,500க்கு மேற்பட்ட மரணங்களுக்கும் இதோடு தொடர்பு உண்டு என்பது அவர்களின் மதிப்பீடு. மதிப்பீடு என்பதால் எண்ணில் ஏற்ற இறக்கம் இருக்கலாம். ஆனால் தொலைந்த வரிசைகளுக்குப் பின்னால் மனித உயிர்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

உடனடித் தீர்வு என்ன தெரியுமா? கோப்புகளைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றினார்கள். அவ்வளவு எளிய வேலை. முன்பே செய்திருக்கக்கூடிய வேலை.

யார் மேல் தவறு?

எக்செல்லைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது தன் எல்லையை ஒருநாளும் மறைத்ததில்லை. எத்தனை வரிசை என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. பழைய வகைக் கோப்பில் 65,536ஐத் தாண்டி எழுதச் சொன்னால், பைத்தன் மொழியின் ஒரு கருவி பிழைச் செய்தி தந்து அங்கேயே நின்றுவிடும். வேலை நின்றதே என்று எரிச்சல் வரும். உண்மையில் அது செய்யும் உபகாரம் பெரிது. தெரிந்து நிற்கும் வேலையைவிடத் தெரியாமல் தொடரும் வேலைதான் ஆபத்தானது.

இந்தத் துறையில் அனுபவப்பட்டவர்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு முன் அணியில் எத்தனை வரிசை என்று எண்ணுகிறார்கள். எழுதிய பின் அதே கோப்பைத் திறந்து மறுபடி எண்ணுகிறார்கள். ஒரு நெடுவரிசையின் கூட்டுத்தொகை இரு கரையிலும் ஒன்றுதானா என்று பார்க்கிறார்கள். அடையாள எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் எண்ணாக அல்ல, எழுத்தாக எழுதுகிறார்கள். மூலக் கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்துகிறார்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் வேலையை நிறுத்தும்படி நிரலுக்கே சொல்லிவைக்கிறார்கள்.

ஒரு கரும்பலகையின் சிரமத்தைப் போக்க வந்தது விரிதாள். மாணவர்களின் சுமையைக் குறைக்க வந்தது மேட்லேப். இரண்டுமே நல்ல நோக்கத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டியது மட்டும் மனிதனின் வேலையாக மிஞ்சியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது, கணினியைக் கண்ணால் பார்க்காத காலத்தில். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால், பிறர் உயிர் சம்பந்தப்பட்ட எண்களைக் கோப்பில் போடும்போது அளக்காமல் இருக்கலாமா?